எந்தப் பாறைக்கு எந்த வைர பிட்: கோர் எடுப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை. மேக்னடைட்டும் குவார்ட்ஸும் வரிவரியாகப் படிந்த இரும்புத்தாதுப் பாறை அங்கே இருக்கிறது. ஊருக்கு வடக்கே செட்டிச்சாவடிப் பக்கம் மேக்னசைட் வெட்டும் கரடுகள். அங்கே டியூனைட் பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்பு நரம்பாக ஓடுகிறது. ஒரே ஊரின் இரண்டு பக்கங்கள்தான். ஆனாலும் ஒன்றில் நன்றாக வெட்டிய வைர பிட்டை (பாறையைக் குடைந்து கோர் எனப்படும் உருளை மாதிரியை எடுக்கும் வளைய முனையை) கழற்றி மற்றதில் மாட்டினால் அதே வேகமோ அதே ஆயுளோ கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிட் வாங்கப் போகும்போது முதலில் வரும் கேள்வி, "கல் எவ்வளவு ஹார்டு?" என்பதுதான். அது பாதிக் கேள்வி. அந்தக் கல் பிட்டை எவ்வளவு தேய்க்கும் என்பது மீதிப் பாதி. வைர பிட்டைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் முக்கியம் என்பேன். அது ஏன் என்று புரிய, இன்று அதிகம் ஓடும் இம்ப்ரெக்னேட்டட் பிட் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

இந்த பிட்டின் கிரௌன் எனப்படும் வெட்டும் முகப் பகுதியில் சுமார் அரை மில்லிமீட்டர் அளவுள்ள செயற்கை வைரத் துணுக்குகள் உலோகத்தூளோடு கலந்து வார்க்கப்பட்டிருக்கும். டங்ஸ்டன் கார்பைடு போன்ற தூள்களும் அவற்றைப் பிடித்து வைக்கும் செம்புக் கலவையும் சேர்ந்ததுதான் மேட்ரிக்ஸ். வெட்டுவது வைரம். ஆனால் வைரமும் ஓடஓட மழுங்கும். மழுங்கிய துணுக்கு உதிர்ந்து, அடியில் இருக்கும் புதுத் துணுக்கு வெளியே தலைகாட்ட வேண்டுமானால் சுற்றியுள்ள மேட்ரிக்ஸ் சரியான அளவில் தேய வேண்டும். பாறைத்தூள்தான் அதைத் தேய்க்கிறது. பிட் ஓடும்போதே தனக்குத் தானே சாணை பிடித்துக்கொள்கிறது என்று சொல்லலாம். சாணைக்கல் வேலையைப் பாறைதான் பார்க்கிறது.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் விதி இங்கேதான் பிறக்கிறது. கடினமாக இருந்தும் அரிக்காத (பிட்டைத் தேய்க்காத) பாறைக்கு மென்மையான மேட்ரிக்ஸ் வேண்டும். மென்மையாக இருந்தும் மணல்போல் அரிக்கும் பாறைக்குக் கடினமான மேட்ரிக்ஸ் வேண்டும். "ஹார்டு ராக்குக்கு ஹார்டு பிட்" என்று கேட்டு வாங்கினால் பிட் தேயவே தேயாது. வெட்டவும் வெட்டாது. வைரமும் மேட்ரிக்ஸும் ஒரே மட்டமாகி முகம் பளபளவென்று வழுக்கிவிடும்.

நான்கு வகை, நான்கு குணம்

டிசி பிட் எனப்படும் டங்ஸ்டன் கார்பைடு பிட்டில் வைரமே கிடையாது. களிமண், சிதைந்த பாறை, லிக்னைட், இளகிய மணற்கல் இவற்றில் குறைந்த வேகத்தில் ஓட்ட இதுவே போதும், விலையும் குறைவு. புதுப்பாறை (சிதையாத பாறை) வந்ததும் எடுத்துவிட வேண்டும். டிசி பிட்டில் வேலை முடிகிற இடத்தில் வைர பிட் இறக்குவது காசைக் கரைப்பதுதான்.

சர்ஃபேஸ் செட் பிட்டில் முழு வைரக் கற்கள் ஒரே அடுக்காக முகத்தில் பதிக்கப்பட்டிருக்கும். கல்லின் அளவை ஒரு காரட்டுக்கு எத்தனை கல் என்று கணக்கிடுவார்கள். மென்மையான சுண்ணாம்புக்கல்லுக்கு 15, 20 என்று பெரிய கற்கள் போதும். அடர்ந்த கடினப் பாறைக்கு 60, 80 என்று பொடிக்கற்கள் வேண்டும். அந்த ஒரு அடுக்கு மழுங்கினால் பிட்டின் ஆயுள் முடிந்தது. உடைந்த பாறையில் முட்டினால் கற்கள் தெறித்துப்போகும். ஆனால் இதற்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, குறைந்த சுற்று வேகத்திலும் வெட்டும். அது எப்போது கைகொடுக்கும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பிசிடி பிட்டுகளில் சின்டர் செய்த வைரத் தட்டுகளோ துண்டுகளோ இருக்கும். சுண்ணாம்புக்கல், ஷேல், நிலக்கரி போன்ற நடுத்தரப் பாறைகளில் வேகம் அபாரம். குவார்ட்ஸ் நிறைந்த கடினப் பாறையிலோ நொறுங்கிய பாறையிலோ ஓட்டினால் தட்டுகள் விளிம்பு பெயரும், சூட்டுக்கும் தாங்காது. நம் ஊர்க் கருங்கல் வேலைக்கு இது பொருந்தாது, அவ்வளவுதான்.

நான்காவது, மேலே சொன்ன இம்ப்ரெக்னேட்டட் பிட். கிரௌன் முழுக்க வைரம் கலந்திருப்பதால் கடைசி மில்லிமீட்டர் வரை வெட்டும். உடைசல் பாறையையும் ஓரளவு தாங்கும். ஆனால் வேகமாகச் சுற்ற வேண்டும், தண்ணீர் தடையில்லாமல் போக வேண்டும், மேட்ரிக்ஸ் பாறைக்குப் பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் காசு வீண்.

மேட்ரிக்ஸை எண்களால் குறிப்பார்கள். பல கம்பெனிகளில் எண் கூடக்கூட அது இன்னும் கடினமான பாறைக்கானது, அதாவது மேட்ரிக்ஸ் இன்னும் மென்மை. எல்லோரும் அப்படி வைப்பதில்லை. ஒரு கம்பெனியின் 7 இன்னொரு கம்பெனியின் 7 ஆகாது. கேட்டலாக்கில் அந்த எண் எந்தப் பாறைக்கு என்று படித்துப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும்.

நம் பாறைகளில் எது எதற்கு

சார்னோகைட்டில் தொடங்குவோம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளை வைத்து 1890-களில் புவியியலாளர் ஹாலண்ட் விவரித்த பாறை இது. நீலகிரி, சேர்வராயன், கொல்லிமலை எல்லாம் பெரும்பாலும் இதுவே. புதுப்பாறையின் அமுக்க வலிமை 100 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சாதாரணம். பார்வைக்கு மிரட்டினாலும் பிட்டுக்கு இது நல்ல பாறைதான். குவார்ட்ஸ் கணிசமாக இருக்கும் சார்னோகைட்டில் மணி (கனிமத் துகள்) அளவும் நடுத்தரமாகவோ பெரிதாகவோ இருக்கும், தூள் மேட்ரிக்ஸை ஒழுங்காகத் தேய்க்கும். நடுத்தர மேட்ரிக்ஸிலிருந்து சற்று மென்மைப் பக்கம் சாய்ந்த இம்ப்ரெக்னேட்டட் பிட் போதும். கிருஷ்ணகிரி, மதுரைப் பக்கத்துக் கிரானைட் நைஸுக்கும் (வரி ஓடும் உருமாற்றப் பாறை) ஏறக்குறைய இதே தேர்வுதான். வெடிப்புகள் அதிகமானால் மட்டும் ஒரு படி கடினமான மேட்ரிக்ஸுக்குப் போகலாம், ஏனென்றால் உடைசல் விளிம்புகள் கிரௌனை அரித்துவிடும்.

கறுப்புக் கிரானைட் என்று வியாபாரத்தில் சொல்லப்படும் டோலரைட் வேறு கதை. திண்டிவனம் பக்கத்துக் குன்னம் கல்லும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்து டைக்குகளும் (பாறை வெடிப்பில் குழம்பு புகுந்து இறுகிய சுவர் போன்ற பட்டைகள்) இந்த வகை. பிளாஜியோகிளேஸும் பைராக்சீனும்தான் அதிகம், குவார்ட்ஸ் ஏறக்குறைய இல்லை. நுண்மணி, இறுக்கம். கடினத்தில் சார்னோகைட்டுக்குச் சளைத்ததல்ல, ஆனால் அரிக்காது. சார்னோகைட்டில் ஓடிய அதே பிட் இங்கே சில மீட்டரிலேயே பாலிஷ் ஆகி நின்றுவிடலாம். டிரில்லர் பிட்டின் மேல் தரும் பாரத்தை ஏற்றுவார், பிட்டைச் சுற்றும் ராடு வளையும், துளை கோணும். குறை பாரத்தில் இல்லை, மேட்ரிக்ஸில். ஒன்றிரண்டு படி மென்மையான மேட்ரிக்ஸும் மெல்லிய கிரௌனும் இருந்தால் அதே பாரத்தில் வெட்டும். கிரானைட் குவாரிக்கு முன்னோட்டமாகக் கோர் எடுப்பவர்கள் நைஸிலிருந்து டைக்குக்குள் நுழைவதுண்டு. அங்கே கையில் இரண்டு மேட்ரிக்ஸ் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இதைவிடக் கடுமையானது கஞ்சமலை, திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலை ஆகிய இடங்களின் மேக்னடைட் குவார்ட்ஸைட். குவார்ட்ஸ் இருந்தால் அரிக்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா, இங்கே அது முழுதாகப் பொருந்தாது. மணிகள் நுண்ணியவை, ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்தவை. துணுக்காகப் பெயராமல் மாவாகத்தான் வரும். மாவுக்கு மேட்ரிக்ஸைத் தேய்க்கும் சக்தி குறைவு. கேட்டலாக்கில் உள்ள மிக மென்மையான மேட்ரிக்ஸ், தரமான வைரம், நல்ல சுற்று வேகம், மூன்றும் சேர்ந்தால்தான் நகரும். பிட் ஆயுள் குறைவாகத்தான் இருக்கும். அதை முதலிலேயே டெண்டர் விலையில் சேர்த்துவிட வேண்டும். சார்னோகைட்டுக்குக் கேட்கும் மீட்டர் விலையை இதற்குச் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது.

மேக்னசைட் கரடுகளில் கடினம் பிரச்சினையில்லை, மாற்றம்தான் பிரச்சினை. டியூனைட்டில் ஆலிவின் கடினம், சர்ப்பன்டைன் ஆன இடம் இளக்கம், குறுக்கே வரும் வெள்ளைக்கல் நரம்பு நொறுங்கும். நாம் தேடுவதோ அந்த நரம்பைத்தான். பிட் வேகமாக ஓடி, நரம்பின் கோர் பொடியாகிக் கழுவிப்போனால் எடுத்த வேலைக்கு அர்த்தமில்லை. நடுத்தர மேட்ரிக்ஸ் பிட், டபுள் டியூப் பேரல் (கோரைத் தண்ணீர் கழுவாமல் காக்க உள்ளே தனிக் குழாய் உள்ள கோர்க் குழாய்) கட்டாயம், வேகத்தில் பேராசை வேண்டாம்.

அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் கிரீடேசியக் காலத்துக் கடல் படிவு. கல்லங்குறிச்சிப் பக்கம் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக வரும். பெரிய கல் பதித்த சர்ஃபேஸ் செட், பிசிடி, ஏன், சில இடங்களில் டிசி பிட்டேகூட ஓடும். நான் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் சீரான சுண்ணாம்புக்கல்லில் பிசிடி, இடையில் களிமண்ணும் மார்லும் (களிமண் கலந்த சுண்ணாம்புப் படிவு) மாறிமாறி வந்தால் சர்ஃபேஸ் செட். காரை பக்கம்போலக் களிமண் அதிகமான இடத்தில் பிட்டின் தண்ணீர் வழிகள் அடைத்துக்கொள்வதுதான் முதல் எதிரி, ஆகவே அகலமான, ஆழமான வழிகள் உள்ள பிட்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நெய்வேலிப் பக்கம் லிக்னைட்டுக்கு மேல் கிடப்பது கடலூர் மணற்கல். மணற்கல் என்று பெயர்தானே தவிர, பல இடங்களில் கையால் பிசையும் அளவுக்கு இளக்கம். இங்கே வெட்டுவது எளிது, கோரை வெளியே முழுசாகக் கொண்டு வருவதுதான் கஷ்டம். சாதாரண பிட்டில் தண்ணீர் உள்விட்டம் வழியே கோரைத் தொட்டுக்கொண்டு போகும், இளகிய மணல் கரைந்தே போய்விடும். ஃபேஸ் டிஸ்சார்ஜ் பிட்டில் தண்ணீர் முகத்தில் உள்ள துளைகள் வழியே வெளியேறுவதால் கோர் தப்பிக்கும். அதோடு உள்ளே இன்னொரு குழாயும் உள்ள டிரிபிள் டியூப் பேரல் சேர்ந்தால் கோர் மீட்பு சட்டென்று கூடும். ஒரு எச்சரிக்கை. இந்த மணற்கல்லில்தான் திருவக்கரையில் பார்க்கிற கல்மரங்களும் கிடக்கின்றன. மரம் முழுக்கச் சிலிக்காவாக மாறியது, கிட்டத்தட்டக் குவார்ட்ஸ் கடினம். டிசி பிட் சுகமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றால் பாரத்தை ஏற்றாமல், எடுத்துப் பார்த்துவிட்டு வைர பிட் மாட்டுவது நல்லது.

நீலகிரியில் நீர்மின் திட்டங்களுக்குத் துளையிடுபவர்களுக்குத் தெரியும், மேலே பல மீட்டர் செம்மண், நடுவில் உருண்டைப் பாறைகள், அப்புறம்தான் அடிப்பாறை. டிசி பிட்டில் தொடங்கி, துளைச்சுவர் சரியாமலிருக்கக் கேசிங் குழாய் இறக்கி, பாறை வந்ததும் வைர பிட். உருண்டைப் பாறையை அடிப்பாறை என்று எழுதிவிடாமலிருக்கக் குறைந்தது 3 மீட்டராவது தொடர்ந்து புதுப்பாறை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ரிக்கையும் கேட்டுத்தான் பிட் வாங்க வேண்டும்

பாறைக்குப் பொருத்தமான பிட்டை வாங்கிவிட்டு, அதை ஓட்டத் தெம்பில்லாத ரிக்கில் (துளையிடும் இயந்திரத்தில்) மாட்டுவது அடிக்கடி நடக்கிறது. இம்ப்ரெக்னேட்டட் பிட்டின் வெளி விளிம்பு நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் நகர வேண்டும் என்பது பொதுவான அளவு. என்க்யூ என்ற அளவு பிட்டின் வெளிவிட்டம் 75 மி.மீ.யை ஒட்டியது. நிமிடத்துக்கு 1000 சுற்று கொடுத்தால் நொடிக்கு 4 மீட்டர் அளவில் வரும், சரியாகப் பொருந்தும். அதே விட்டமுள்ள என்எக்ஸ் அளவு பிட்டை 300 சுற்றுக்கு மேல் போகாத பழைய ரிக்கில் ஓட்டினால் நொடிக்கு 1.2 மீட்டர்தான். இம்ப்ரெக்னேட்டட் பிட் அங்கே வீண். அந்த ரிக்கோடுதான் வேலை செய்ய வேண்டும் என்றால் சர்ஃபேஸ் செட் வாங்குங்கள். மேலே சொன்ன சாதகம் இதுதான். அஸ்திவார ஆய்வு வேலைகளில் இன்னும் சர்ஃபேஸ் செட் விலைபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுற்றும் இறக்கமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்கு 80 முதல் 100 சுற்று ஆவது நல்ல நிலை. 1000 சுற்றில் ஓடும் பிட் நிமிடத்துக்கு 10 முதல் 12.5 செ.மீ. இறங்க வேண்டும். அதைவிட மெதுவாக இறங்கினால் ஒவ்வொரு சுற்றிலும் வைரம் வெட்டாமல் தடவிக்கொண்டே போகிறது, பாலிஷ் ஆகத் தொடங்கும். பாரத்தைக் கூட்டலாம் அல்லது சுற்றைக் குறைக்கலாம். ரொம்ப வேகமாக இறங்கினாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, மேட்ரிக்ஸ் தேவைக்கு மேல் தேய்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீர் நின்றால் எந்த பிட்டும் தாங்காது. வைரம் கடினத்தில் ராஜா, சூட்டில் அல்ல. பம்பு சில நிமிடம் நின்றது தெரியாமல் ஓட்டினாலும் கிரௌன் கருகி, மேட்ரிக்ஸ் இளகி, பிட் துளைக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். வெடிப்பு நிறைந்த பாறையில் தண்ணீர் திரும்பி வராமல் போவது சகஜம் என்பதால் அழுத்தமானியில் ஒரு கண் எப்போதும் இருக்க வேண்டும். கருகிய பிட்டைக் கொண்டுபோய் "சரக்கு சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுவது பல சைட்டுகளில் பார்க்கக் கிடைக்கும் காட்சி.

மீட்டருக்கு என்ன விலை

பிட்டின் விலையை மட்டும் ஒப்பிடுவது ஏமாற்றும். ஒரு கணக்குக்கு, எண்கள் நானே வைத்தவை: ஒரு பிட் 15,000 ரூபாய், 40 மீட்டர் ஓடும். இன்னொன்று 24,000 ரூபாய், 80 மீட்டர் ஓடும். மீட்டருக்கு 375 ரூபாய், 300 ரூபாய். இரண்டாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் முதலாவது மணிக்கு 1.5 மீட்டர் இறங்குகிறது, இரண்டாவது கடின மேட்ரிக்ஸ் என்பதால் 1 மீட்டர்தான் இறங்குகிறது என்று வையுங்கள். ரிக், டீசல், ஆள் எல்லாம் சேர்த்து மணிக்கு 3,000 ரூபாய் என்றால் முதலாவதில் மீட்டருக்கு மொத்தம் 2,375, இரண்டாவதில் 3,300. நீண்ட நாள் உழைக்கிற பிட் நம் கையிலிருந்துதான் காசை எடுக்கிறது.

ஆயுளுக்கே மதிப்பில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. சாதாரண டபுள் டியூப் வேலையில் ஒவ்வொரு ரன்னுக்கும் (ஒரு தடவை இறக்கிக் கோர் எடுப்பது) ராடு முழுக்க வெளியே வந்துவிடும், அப்போதே பிட்டைப் பார்த்து மாற்றிவிடலாம். 30, 40 மீட்டர் ஆழ அஸ்திவாரத் துளையில் பிட் சீக்கிரம் தேய்வது பெரிய நஷ்டமில்லை, வேகத்துக்கே முதல் இடம். ஒயர்லைனில் கதை மாறும். கோர் மட்டும் கம்பியில் மேலே வரும், ராடும் பிட்டும் கீழேயே இருக்கும். 300 மீட்டர் ஆழத்தில் பிட் மாற்றுவதற்காக மட்டும் ராடு முழுக்க ஏற்றி இறக்கினால் ஒரு ஷிஃப்டில் கணிசமான நேரம் போகும். அங்கே உயரமான கிரௌனுக்குக் கூடுதல் காசு கொடுப்பது தகும், சற்று வேகம் குறைந்தாலும் பரவாயில்லை.

அணை, சுரங்கப்பாதை ஆய்வென்றால் இன்னொரு கணக்கும் சேரும். அங்கே விற்கிற சரக்கு மீட்டர் அல்ல, முழுசான கோர். ஆர்க்யூடி (முழுத் துண்டுகளின் பங்கை வைத்துப் பாறைத் தரத்தைச் சொல்லும் சதவீதம்) கணக்கில் 10 செ.மீ.க்கு மேற்பட்ட துண்டுகள்தான் சேரும். தப்பான பிட் அதிர்ந்து அதிர்ந்து நல்ல பாறையையே துண்டு துண்டாக உடைத்தால் 90 சதவீதப் பாறை 60 என்று பதிவாகும், அதை நம்பிப் பொறியாளர் தேவையில்லாத காங்கிரீட்டும் கிரௌட்டிங்கும் (வெடிப்புகளில் சிமெண்ட் குழம்பு ஏற்றுவது) எழுதுவார். புதிய முறிவா பழைய வெடிப்பா என்று பார்த்துப் பிரிக்க ஜியாலஜிஸ்ட் இருந்தாலும், நொறுங்கிய கோரில் அது எளிதல்ல. இந்த வேலைக்கு பிட்டில் நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தேய்ந்த பிட் சொல்லும் சேதி

புதுச் சைட்டில் எந்த மேட்ரிக்ஸ் என்று தெரியாதபோது நடுத்தரத்தில் ஒன்று, அதைவிட மென்மையாக ஒன்று என்று இரண்டு மட்டும் வாங்கித் தொடங்கலாம். மொத்தமாக ஆர்டர் போடுவது முதல் துளை முடிந்த பிறகு. முதல் பிட் வெளியே வந்ததும் கழுவி, வெயிலில் பிடித்து, விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் மேட்ரிக்ஸ் கடினம் அதிகம், அடுத்தது மென்மையாக வேண்டும். வைரங்கள் நன்றாகத் துருத்திக்கொண்டு, சில பள்ளங்கள் மட்டும் மிஞ்சி, கிரௌன் வேகமாகக் குறைந்திருந்தால் ஒரு படி கடினத்துக்குப் போங்கள். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் உடைந்த கோரை பிட் மறுபடி அரைத்திருக்கிறது, பேரலையும் கோர் லிஃப்டரையும் (கோரைப் பிடித்துத் தூக்கும் வளையம்) பாருங்கள். வெளிவிளிம்பு மட்டும் என்றால் துளை குறுகி, புது பிட் அதை அகலப்படுத்தும் வேலையைச் செய்திருக்கிறது. பிட்டுக்கு மேலே இருந்து துளையின் விட்டத்தைக் காக்கும் ரீமிங் ஷெல் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

பாலிஷ் ஆன பிட்டை உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை. அரைக்கிற கல்லில் முகத்தை லேசாகத் தேய்த்து வைரத்தை வெளியே கொண்டு வரலாம். துளைக்குள்ளேயே தண்ணீரைச் சற்றுக் குறைத்துப் பாரத்தை ஏற்றியும் செய்வார்கள். அனுபவமுள்ள டிரில்லர் செய்தால் சரி, கை தப்பினால் கருகும். ஒரே துளையில் இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டிவந்தால் அந்த மேட்ரிக்ஸ் அந்தப் பாறைக்கு ஆகாது.

பிட்டுகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் வெளிவிட்டத்தையும் வெர்னியரில் அளந்து பெட்டியில் எழுதி வையுங்கள். சற்றுப் பெரியதை மேலே பயன்படுத்தி, ஆழம் போகப்போகச் சிறியதை இறக்கினால் புது பிட் துளைச்சுவரை உரசித் தேயாது. கடைசி மீட்டரை மெதுவாகச் சுற்றியபடி, தண்ணீர் ஓடவிட்டு இறக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் குறைந்த பாரத்தில் ஓட்டி, முகம் பாறையோடு பொருந்திய பிறகுதான் முழு பாரம்.